தலைக்கு அரப்பு மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருப்பூர் மாவட்டத்தில் வசிக்கிறேன். இரண்டாவது குழந்தை பிறந்து நான்கரை மாதம் ஆகிறது. ஒரு மாதமாகத் தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. ஷாம்பூ போட்டுக் குளித்தால் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அரிக்கிறது. ஷாம்பூவில் இருக்கும் இரசாயனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கைப்பேசியில் பார்த்த காணொளிகளில் சொன்னார்கள். அதன்படி சமையல் சோடாவால் தலையை அலசி எலுமிச்சைச் சாறு ஊற்றி இரண்டு முறை குளித்தேன், முடி நாராகிவிட்டது. என் மாமியார் அரப்பு இலைத் தூளுக்கு மாறச் சொல்கிறார். என் அம்மாவோ சீயக்காய்தான் நல்லது என்கிறார். எங்கள் வீட்டில் குளிக்கப் போர்த் தண்ணீர்தான். எதைத் தேய்ப்பது? ஏழு வயது மகளுக்கும் அதையே தேய்க்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு தொல்லைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முடி உதிர்வது ஒன்று, ஷாம்பூ பட்ட இடம் அரிப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே காலத்தில் வந்ததால் இரண்டுக்கும் ஷாம்பூவே காரணம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அரிப்புக்கு ஷாம்பூ காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உதிர்வுக்கான காரணமோ, கடிதத்தின் தொடக்கத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த நான்கரை மாதக் கணக்கில்தான் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டு அரப்புக்கு வருகிறேன். இல்லையென்றால் அரப்பு தேய்த்தும் முடி உதிர்கிறதே என்று அடுத்த மாதம் உங்கள் மாமியார் மேல் வருத்தப்படுவீர்கள்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, பிறகு மூன்று மாதம் போல ஓய்வில் நின்று, அதன்பின் உதிர்ந்து புதிய முடிக்கு இடம் விடுகிறது. ஆகவே நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. கருவுற்றிருக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மிகுந்திருப்பதால், ஓய்வுக்குப் போக வேண்டிய முடிகளும் போகாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஏழாம் எட்டாம் மாதத்தில் சடை கனமாக இருந்ததை நீங்களே கவனித்திருக்கலாம். பிரசவம் முடிந்து ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டுகின்றன. டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு முடி கொட்டுவதும் இதே கணக்குத்தான். வேர் சாகவில்லை என்பதால் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் அடர்த்தி பழையபடி திரும்பிவிடும். கண்ணாடி முன் நின்று நெற்றி ஓரத்தைப் பாருங்கள். ஓரங்குலத்துக்குக் குட்டை முடிகள் நட்டுக்கொண்டு நின்றால் புது முளைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்பீர்கள். வேரை விட்டுக் கழன்ற முடிகள் சிக்குக்குள் மாட்டிக்கொண்டு தலையிலேயே தங்கியிருக்கும். தேய்க்கும்போது அவை கையோடு வருகின்றன. நான்கு நாள் குளிக்காமல் இருந்தவருக்கு ஐந்தாம் நாள் ஐந்து நாள் முடியும் சேர்ந்து வரும். அதைப் பார்த்துப் பயந்து குளிப்பதை இன்னும் தள்ளிப்போடுகிறவர்களைத்தான் மருத்துவமனையில் அதிகம் பார்க்கிறேன். தேய்ப்பது எதுவானாலும், உதிரவேண்டியது உதிர்ந்தே தீரும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. தாயின் தலையிலிருந்து உதிரும் நீளமான முடி, கைக்குழந்தையின் கால் விரலில் நூல் போலச் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடுவதுண்டு. காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால், காலுறையைக் கழற்றி விரல் இடுக்குகளைப் பார்க்கத் தவறாதீர்கள். விரல் சிவந்து வீங்கியிருந்து, முடியை எளிதாக எடுக்க முடியவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

இனி அரிப்பு. ஷாம்பூ ஒவ்வாத சிலருக்கு உச்சந்தலையைவிட, அது வழிந்து இறங்கும் பாதையில் உள்ள மெல்லிய தோலில்தான் முதலில் தடம் தெரியும்; காதுக்குப் பின்புறம், பிடரி, கண்ணிமை ஆகியவை அந்த இடங்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதற்குப் பொருந்துகிறது. இதில் எல்லாரும், ஷாம்பூவில் நுரை தந்து அழுக்கெடுக்கும் சல்பேட்டையே குற்றம் சொல்கிறார்கள். சல்பேட் சிலருக்குத் தோலை வறட்டும், எரிச்சல் தரும் என்பது உண்மை. அதனால் புற்றுநோய் வரும், முடி கொட்டும் என்று பரப்புவதற்கு ஆதாரம் கிடையாது. உண்மையான ஒவ்வாமையை உண்டாக்குவது பெரும்பாலும் வாசனைப் பொருள்களும், மெத்தில்ஐசோதயசோலினோன் போன்ற கெடாமல் காக்கும் பொருள்களுமே. ‘மூலிகை’ என்று பெயர் ஒட்டிய பாட்டில்களிலும் இவை இரண்டும் இருக்கக்கூடும். பாட்டிலின் பின்புறம் உள்ள பட்டியலில் அதிக அளவில் உள்ள பொருள்தான் முதலில் வரும். முன்பக்கம் சீயக்காய்ப் படம் போட்டிருந்தும், பின்பக்கத்தில் தண்ணீருக்கு அடுத்து சல்பேட்டும் சீயக்காய்ச் சாறு கடைசி வரிகளிலும் இருந்தால், நீங்கள் வாங்கியது நறுமணமும் பழுப்பு நிறமும் சேர்த்த சாதாரண ஷாம்பூதான்.

‘இரசாயனம் இல்லாதது’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீயக்காயிலும் அரப்பிலும் பூந்திக்கொட்டையிலும் இருந்து அழுக்கை எடுப்பது சபோனின் என்னும் பொருள். அதன் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எனவே எண்ணெயும் அதில் ஒட்டிய தூசும் தண்ணீரோடு போய்விடுகின்றன. ஷாம்பூவில் இருக்கும் சல்பேட்டும் செய்வது அச்சு அசல் இதே வேலைதான். சபோனின் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் மென்மையாகச் செய்கிறது, நுரை குறைவாக வருகிறது, அவ்வளவுதான். நுரை வராவிட்டால் அழுக்குப் போகவில்லை என்று நினைப்பது பாக்கெட் ஷாம்பூ நமக்குப் பழக்கிவிட்ட எண்ணம். ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று தொடங்கிவைத்தவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன் என்பதையும், அதற்குப் பிறகுதான் நம் கிராமத்துக் குளியலறைகளிலிருந்து சீயக்காய் டப்பா மெல்ல மறைந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால், இந்தப் பழக்கம் எவ்வளவு அண்மைக் காலத்தது என்று விளங்கும். இன்னொரு வேடிக்கை, ‘ஷாம்பூ’ என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது; அழுத்து, பிடித்துவிடு என்று பொருள்படும் ‘சாம்போ’ என்ற இந்துஸ்தானிச் சொல்தான் அதன் வேர். முதலில் அது உடலைப் பிடித்துவிடுவதைத்தான் குறித்தது, தேய்க்கும் பொருளைக் குறிக்கவில்லை.

சோடாவுக்கு வருவோம், ஏனென்றால் அதுதான் உங்களுக்கு உண்மையிலேயே கெடுதல் செய்திருக்கிறது. நம் தலைத்தோல் இலேசான அமிலத் தன்மை உடையது. அதன் அமிலக் காரக் குறியீடு (pH; ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.5 அளவில் இருக்கும், முடித்தண்டினுடையது அதைவிடவும் குறைவு. சமையல் சோடாக் கரைசலின் குறியீடு எட்டைத் தாண்டும். முடியின் மேல்புறத்தில் ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காகச் செதில்கள் படிந்திருக்கின்றன. காரம் பட்டதும் முடி ஊதி, அந்தச் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. ஒரு முடி அடுத்த முடியோடு உரசிச் சிக்குப் பிடிக்கிறது. சிக்கெடுக்கும்போது பாதியில் ஒடிகிறது. நார் போல ஆகிவிட்டது என்று நீங்கள் எழுதியது இதைத்தான். பிறகு எலுமிச்சை ஊற்றினால் காரம் சமமாகிவிடும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காரத்திலிருந்து, குறியீடு இரண்டு அளவுள்ள கடும் புளிப்புக்கு முடியை ஒரேயடியாகத் தூக்கிப் போடுகிறீர்கள். மேலும், எலுமிச்சைச் சாறு நெற்றியிலும் கழுத்திலும் வழிந்த நிலையில் வெயிலில் நின்று தலை உலர்த்தினால் அந்த இடம் கருத்துக் கொப்பளிக்கக்கூடும். இரண்டு முறையோடு நிறுத்திவிட்டது நல்லது. ஒடிந்த முடியை ஒட்டவைக்க எந்தப் பொருளாலும் ஆகாது. நுனியை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, வேரிலிருந்து மாதம் ஒரு சென்டிமீட்டர் போல வளர்ந்து வருவதை நம்பியிருங்கள்.

அரப்பா, சீயக்காயா என்ற உங்கள் வீட்டு வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இப்போதைய நிலையில் உங்களுக்கு அரப்பு. உசிலை மரத்தின் இலையை நிழலில் உலர்த்தி இடித்த தூள்தான் அரப்பு. உசிலம்பட்டிக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த மரத்தால்தான் என்பார்கள். சபோனினோடு வழவழப்புத் தன்மையும் அதில் இருப்பதால், அலசிய பிறகு முடி விரலுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். சோடாவால் வறண்ட முடிக்கு அதுதான் இப்போது தேவை. சீயக்காய் அதைவிட ஓங்கிய கைக்காரர். நல்லெண்ணெய் ஒழுக ஒழுகத் தேய்த்து ஊறிய தலைக்கு அவர் இல்லாமல் முடியாது, எண்ணெய் வைக்காத வறண்ட தலைக்கு வெறும் சீயக்காயைத் தேய்த்தால் முடி இன்னும் மொரமொரப்பாகும். உங்கள் அம்மா சொன்னதும் தவறில்லை. அவர் மனத்தில் இருப்பது வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். பூந்திக்கொட்டை இந்த மூன்றிலும் கடுமையானது, பட்டுச் சேலை துவைக்கவும் நகை கழுவவும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தூளானாலும் வாங்கும் விதத்திலும் கரைக்கும் விதத்திலும்தான் முக்கால் பங்கு இருக்கிறது. அரப்பு மங்கிய பச்சையாக, உலர்ந்த இலை வாசத்தோடு இருக்க வேண்டும். கிளிப் பச்சையாகப் பளிச்சென்று இருந்தால் நான் வாங்க மாட்டேன். உங்கள் பக்கத்தில் இலையாகவே கிடைக்கும். அரிசி, கோதுமை அரைக்கும் மாவு மில்லில் சீயக்காய்க்கும் அரப்புக்கும் தனி மிஷின் வைத்திருப்பார்கள்; அதில் அரைத்து வாங்கி, வீட்டில் வெள்ளை வேட்டித் துணியில் ஒருமுறை சலியுங்கள். சலிக்காத தூளில் இருக்கும் நறநறப்பான திப்பிதான் தலைத்தோலைக் கீறுகிறது. அலசிய பிறகும் வகிட்டில் தங்கிக் காய்ந்து பொடுகு போல உதிர்கிறது. அரப்பு போட்டதால் பொடுகு வந்துவிட்டது என்று வந்த ஒருவருக்குத் தலையில் நான் பார்த்தது பொடுகே இல்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது பச்சையாக இலை நரம்புகள் தெரிந்தன.

தோள் வரை முடி இருந்தால் மூன்று மேசைக்கரண்டி தூள் போதும். குளிக்கப் போவதற்குக் கால் மணி நேரம் முன்பே, சோறு வடித்த கஞ்சி ஆறியபின் அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதத்தில் கரைத்து ஊறவிடுங்கள். கஞ்சியில் உள்ள மாவுச்சத்து முடிமேல் மெல்லப் படிந்து உரசலைக் குறைக்கிறது. குக்கரில் சோறு வைக்கிற வீடாக இருந்தால் அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர், அல்லது புளித்த மோர். அரப்பையும் மோரையும் கலந்து ஊறவைத்துப் பயிருக்குத் தெளிக்கிற இயற்கை விவசாயிகள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அந்த அரப்பு மோர்க் கரைசலைப் பல நாள் புளிக்க வைப்பார்கள், தலைக்கு அவ்வளவு புளிப்பு வேண்டியதில்லை. கரைத்ததை ஒரு மெல்லிய துணியில் பிழிந்து, பிழிந்த நீரை மட்டும் தலைத்தோலில் ஊற்றி, நகம் படாமல் விரல் நுனிகளால் இரண்டு மூன்று நிமிடம் பிடித்துவிடுங்கள். சடையின் நீளத்தைக் கசக்கித் துவைக்க வேண்டாம், வழிந்து வரும் நீரே அதற்குப் போதும். மீந்த கரைசலை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். கெடாமல் காக்கும் பொருளை வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள், அது இல்லாத பண்டம் ஒரே நாளில் கெட்டுவிடும் என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சீயக்காய்த் தூள் அரைக்கும்போது வெந்தயம், பச்சைப்பயறு, காய்ந்த செம்பருத்தி, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கறிவேப்பிலை, எலுமிச்சைத் தோல் என்று பதினைந்து இருபது சரக்குகளைச் சேர்ப்பது இப்போது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. வெந்தயத்துக்கும் செம்பருத்திக்கும் வழவழப்பு உண்டு, பச்சைப்பயறு மீதமுள்ள எண்ணெயை உறிஞ்சும், பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் வாசத்துக்கு. இவற்றுக்கு மேல் சேர்ப்பது எல்லாம் பெரும்பாலும் மனத்திருப்திதான். உங்களைப் போல ஏற்கெனவே தோல் அரிக்கிறவர்கள் ஒற்றைப் பொருளோடு தொடங்க வேண்டும். இருபது சரக்கில் ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று கண்டுபிடிக்க எனக்கும் வழி இருக்காது. இலையும் காயும் ஒவ்வாமை தராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகையால் முதல் நாள் கரைத்த அரப்பைக் காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவிவிட்டு, இரண்டு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் தலைக்குப் போடலாம். இப்போது காதுக்குப் பின்னால் இருக்கும் அரிப்பு முழுதும் அடங்கிய பிறகே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். அதுவரை வாசனை சேர்க்காத, சல்பேட் இல்லாத ஷாம்பூ எதையாவது பயன்படுத்துங்கள்.

இனித் தண்ணீர். நீங்கள் ஒற்றை வரியில் எழுதியிருந்தாலும், உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது அந்த வரியைத்தான். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆழமான போர்த் தண்ணீரில் அந்த மேல் எல்லையையும் தாண்டுவது அரிதல்ல. வாளியின் உட்புறமும் குழாயின் வாயும் வெள்ளை பூத்துக் கிடந்தால் பரிசோதனைச் சாலைக்கே போக வேண்டியதில்லை. அந்தக் கால்சியமும் மெக்னீசியமும்தான் முடிமேலும் படிகின்றன. குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் அவை சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான கசடாகி முடியில் ஒட்டிக்கொள்ளும்; எத்தனை அலசினாலும் போகாது. சபோனின் அப்படிக் கசடாவதில்லை என்பது அரப்புக்கும் சீயக்காய்க்கும் உள்ள பெரிய அனுகூலம். ஆனாலும் தண்ணீரின் உப்பு முடியில் தங்கத்தான் செய்யும்.

அதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஊரில் உப்புத் தண்ணீர்க் குழாய் வேறு, நல்ல தண்ணீர்க் குழாய் வேறு இருக்கும். குளியல் முழுவதையும் உப்புத் தண்ணீரிலேயே முடித்துவிட்டு, கடைசியாக ஒரே ஒரு முறை இரண்டு மூன்று லிட்டர் நல்ல தண்ணீரை உச்சியிலிருந்து மெதுவாக ஊற்றிக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீர் வாரம் ஒருமுறைதான் வருகிறது, அதைத் தலையில் ஊற்றுவதா என்று வீட்டில் கேட்டால், மழைக் காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரை ஒரு குடம் பிடித்து வைக்கலாம். இன்னும் மொரமொரப்பு இருந்தால் அந்தக் கடைசித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலக்கலாம். எலுமிச்சை வேண்டும் என்று மனம் கேட்டால், இதே ஒரு லிட்டருக்கு அரை மூடி சாற்றை வடிகட்டி விட்டு, ஊற்றிய உடனே முகத்தையும் கழுத்தையும் கழுவிவிடுங்கள்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் அரப்பைச் சொல்லிவிட்டு எண்ணெயை விட முடியாது. தண்ணீரில் நனையும்போது முடி ஊதுவதையும் உள்ளிருக்கும் புரதம் கரைந்து போவதையும் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டது. 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்றில் தேங்காய் எண்ணெய்க்கு இருந்த இந்தப் பலன் சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் இல்லை. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு முடித்தண்டுக்குள் புகுவதே அதற்குக் காரணம். எனவே குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு இரண்டு தேக்கரண்டி எண்ணெயை முடியின் நீளத்துக்குத் தடவினால் போதும். தலைத்தோலில் குளிரக் குளிர ஊற்றி இரவு முழுதும் ஊறவைப்பது பொடுகு உள்ளவர்களுக்கு ஆகாது. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பைத் தின்றே வாழ்கிறது, நீங்கள் ஊற்றும் எண்ணெயும் அதற்குத் தீனிதான். முடி உலர்ந்த பிறகு சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கைக்குழந்தை இருக்கும் அறையில் அது வேண்டாம்.

ஷாம்பூவை ஒரேயடியாக வீட்டைவிட்டு விரட்டவும் நான் சொல்லமாட்டேன். செதில் செதிலாக மஞ்சள் படிந்த பொடுகு வந்தால் அரப்பும் சீயக்காயும் வேப்பிலையும் மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பது வீண். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, தலையில் ஐந்து நிமிடம் வைத்திருந்து கழுவினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். பால் கொடுக்கும் தாய் என்பதை மருத்துவரிடம் சொல்லி வாங்குங்கள். பார்லரில் முடி நேராக்கியவர்கள், சாயம் போட்டவர்கள் மூலிகைத் தூளுக்கு மாறினால் நிறமும் நேர்த்தியும் சீக்கிரம் போய்விடக்கூடும் என்பதால் அவர்களுக்குச் சல்பேட் இல்லாத ஷாம்பூவே மேல். இன்னொன்று, ஷாம்பூவை நிறுத்தி ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் தலையில் எண்ணெய் சுரப்பதே குறைந்துவிடும் என்றும் காணொளிகளில் சொல்கிறார்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் ஹார்மோன்களின் சொல்லைக் கேட்பவை; நீங்கள் எதைத் தேய்க்கிறீர்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. தலை பிசுபிசுத்தால் குளியுங்கள். திருப்பூர் வெயிலுக்கும் பஞ்சுத் தூசிக்கும் வாரம் இரண்டு முறை சரியாக இருக்கும்.

முடி உதிர்வுக்கு இப்போதைக்கு மருந்து தேவையில்லை என்றாலும், பிரசவத்தில் இரத்தம் அதிகம் போயிருந்தால் ஹீமோகுளோபினும், உடலில் இருப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடம் புரள்வதும் உண்டு என்பதால் டி.எஸ்.எச். பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகும் கொட்டல் நிற்காவிட்டாலோ நேரில் காட்ட வேண்டும். முடி வளரும் என்று கடையில் விற்கும் மினாக்சிடிலை யாரோ சொன்னார்கள் என்று பால் கொடுக்கும் காலத்தில் நீங்களாகப் போடாதீர்கள்.

கடைசியாக உங்கள் மகள். ஏழு வயதுக் குழந்தையின் தலையில் எண்ணெய்ச் சுரப்பு மிகக் குறைவு; வாரம் ஒருமுறை, நன்றாக வடிகட்டிய அரப்பு நீர் தாராளமாகப் போதும், சீயக்காய் அந்த வயதுக்குத் தேவையே இல்லை. பள்ளியிலிருந்து பேன் கொண்டுவந்தால் அரப்பால் அது போகாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஈர முடியில் பேன் சீப்பால் வாருவதும், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் பெர்மெத்ரின் மருந்தும்தான் அதற்கு வழி. குழந்தைக்கு உண்மையான ஆபத்து கண்தான். சபோனின் கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காமல் கருவிழியின் மேல்தோலையே அரிக்கக்கூடும். என் பாட்டி எங்களைக் குனியவைத்துத்தான் அரப்பு தேய்ப்பார், நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊரே கேட்க அழுதோம். நீங்கள் குழந்தையை முக்காலியில் உட்காரவைத்து, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, நெற்றியில் மடித்த துண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் செய்து, பின்பக்கமாகவே ஊற்றுங்கள். மீறிப் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்க விடாமல், நல்ல தண்ணீரைக் கால் மணி நேரம் மெல்லிய தாரையாக ஊற்றிக் கழுவுங்கள். அதன் பிறகும் சிவப்பு மாறாமல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.